பழைய உடையும் பழைய ஆட்டமும்: பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஒரு பாடம்



ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கேரள எல்லையில், பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதையில் உள்ள மீனாட்சிபுரத்தில் வசிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் நம் சங்கத்தில் உறுப்பினனாக இருந்தேன். ஊர் திரும்பிய பின்னும் இதழ் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. இதுநாள் வரை படிப்பவனாகவே இருந்த நான், இம்முறை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

மகளைப் பார்க்க அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பதினோரு வயதுப் பேத்தி என்னை நூலகத்திற்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு கூடத்தில் இருபது பேர் அமர்ந்திருந்தார்கள். முன்னால் நின்ற அம்மையார் வெள்ளைக்காரர். ஆனால் உடுத்தியிருந்தது ஜப்பானிய உடை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் மக்கள் என்ன உடுத்தினார்கள், என்ன ஆடினார்கள் என்று இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார். முடிவில் எல்லாரையும் பார்த்து, "உங்கள் குடும்பத்தில் நூறு வருடத்திற்கு முன் என்ன ஆடினார்கள்? யாராவது ஒருவர் விதியோடு சொல்லுங்கள்" என்று கேட்டார்.

பேத்தி உடனே கை தூக்கி, "என் அப்புச்சிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

எழுந்தேன். பல்லாங்குழி என்றேன். பதினான்கு குழி, புளியங்கொட்டை என்றேன். முதல் சுற்று எப்படி ஆடுவது என்று ஓரளவு சொன்னேன். "முதல் சுற்றில் தோற்றவர் இரண்டாவது சுற்றை எப்படித் தொடங்குவார்?" என்று அவர் கேட்டபோது வாய் அடைத்துப் போயிற்று. என் அம்மாவும் அக்காவும் மழைக்காலம் முழுவதும் திண்ணையில் ஆடிய ஆட்டம். பக்கத்திலேயே படுத்துப் புத்தகம் படித்தவன் நான். ஒரு நாளும் கேட்டதில்லை. பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1. அது என்ன பொழுதுபோக்கு?

அந்த அம்மையார் சார்ந்திருந்த அமைப்பின் பெயர் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம். 1966-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நடந்த விருந்தில் தொடங்கியது. கி.பி. 1600-க்கு முற்பட்ட வாழ்க்கையைப் படித்து, அக்காலத்து உடை, சமையல், கைத்தொழில், போர்ப்பயிற்சி, ஆட்டம் ஆகியவற்றைத் தாமே செய்து பார்ப்பதுதான் அவர்கள் பொழுதுபோக்கு. பென்சில்வேனியாவில் 1972 முதல் ஆண்டுதோறும் கோடையில் பெரிய முகாம் ஒன்றும் நடத்துகிறார்கள். கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பகலில் போர் விளையாட்டு நடக்கிறது. இன்னொரு பக்கம் நூற்றுக்கணக்கில் வகுப்புகள் நடக்கின்றன. கற்பிப்பவர்கள் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசையால் படித்தவர்கள்.

அங்கே ஒவ்வொருவரும் அந்தக் காலத்து மனிதர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு அவராகவே பெயரும் உடையும் ஏற்கிறார்கள். பெரும்பாலோர் ஐரோப்பிய வீரராகவோ சீமாட்டியாகவோ வருவார்கள். சிலர் ஜப்பானைத் தேர்ந்துகொள்கிறார்கள். வேறு நாட்டார் உடையை இவர்கள் உடுத்தலாமா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. அந்த அம்மையார் பாடம் நடத்திய முறையே அதற்குப் பதிலாக அமைந்தது. வேடிக்கைக்காக ஒரு வார்த்தை கூட அவர் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். எந்த ஓவியத்தில், எந்த அருங்காட்சியகப் பொருளில் அதைக் கண்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

2. அவர் உடையைக் கற்பித்த முறை

முதலில் பேசவே இல்லை. மேசை மேல் ஒரு துணிச்சுருளை வைத்து, எங்களையே அளக்கச் சொன்னார். அகலம் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், நீளம் 12 மீட்டர். ஜப்பானியத் தறியில் நெய்யும் சுருளின் வழக்கமான அளவு அது. அதை நேர்க்கோட்டில் மட்டுமே வெட்டுவார்கள். உடலுக்கு இரண்டு துண்டு, கைக்கு இரண்டு, முன்மடிப்புக்கு இரண்டு, கழுத்துப் பட்டைக்கு மீதி. வளைவு வெட்டு கிடையாது. ஆதலால் துணி வீணாவதில்லை. அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளைத் துவைத்து, விறைப்பாகக் காயவைத்து, மறுபடியும் தைப்பார்கள். ஒரு பொறியாளனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

இந்த உடையின் பழைய பெயர் கொசொதே. 'சிறிய கைவாய்' என்று பொருள். முற்காலத்தில் பிரபுக்கள் இதை உள்ளாடையாகவே அணிந்தார்கள். ஹெய்யான் காலத்தில், அதாவது 794 முதல் 1185 வரை, அரண்மனைப் பெண்கள் இதன் மேல் பல அடுக்கு அங்கிகளை அணிந்தார்கள். முரோமாச்சி காலத்தில், 1336 முதல் 1573 வரையிலான நாட்களில், மேலடுக்குகள் குறைந்து கொசொதேயே வெளியுடையாக நிலைபெற்றது. இன்று கிமோனோ என்று நாம் அறிந்தது இதன் வழிவந்ததே.

இங்கே அவர் ஒரு நுட்பம் சொன்னார். இன்று கடையில் கிமோனோ வாங்கி, முதுகில் அகலமான இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு '1500-ஆம் ஆண்டுப் பெண்மணி' என்று வந்து நின்றால் அது தவறு. அந்த அகலக் கச்சை பிற்காலத்து எடோ ஆட்சியில் வந்தது. 1500 வாக்கில் இடையில் கட்டியது ஒரு சிறு நாடா போன்றதுதான். உடற்பகுதி அகலமாகவும் கை குறுகலாகவும் இருந்தது. பழமை என்று நாம் நினைப்பதில் பாதி நம் பாட்டி காலத்துப் புதுமை என்பதை அன்று உணர்ந்தேன்.

பிறகு எல்லாரையும் உடுத்திப் பார்க்கச் சொன்னார். நான் வலப்பக்கத்தை மேலே போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தபடி வந்து மாற்றிவிட்டார். ஜப்பானில் இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். கி.பி. 719-இல் அரசாணையே பிறந்திருக்கிறது. வலப்பக்கம் மேலே வருமாறு உடுத்துவது இறந்தவருக்கு மட்டும். நம் ஊரிலும் இதுபோல் உண்டல்லவா? மலபார்ப் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்கள் வேட்டியின் மேல்முனையை இடப்புறமாகவும் மற்றவர்கள் வலப்புறமாகவும் கொண்டுவந்து உடுத்துவது வழக்கம். ஒரு முனை எந்தப் பக்கம் வருகிறது என்பதில் ஒரு சமூகமே அடங்கியிருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். தவறாக உடுத்தித் திருத்தப்பட்டதால் இன்றும் நினைவிருக்கிறது.

3. அவர் ஆட்டத்தைக் கற்பித்த முறை

கிளிஞ்சல் இணைக்கும் ஆட்டம் ஒன்றை முதலில் எடுத்தார். கை-அவாசே என்று பெயர். கிளிஞ்சலின் இரண்டு ஓடுகளும் ஒன்றோடொன்று மட்டுமே சரியாகப் பொருந்தும். வேறொரு கிளிஞ்சலின் ஓட்டோடு பொருந்தாது. ஒரு பாதியைக் கவிழ்த்துப் பரப்பிவைத்து, மறுபாதியைக் காட்டினால், வெளிப்புறக் கோடுகளையும் நிறத்தையும் பார்த்து இணையைக் கண்டுபிடிக்க வேண்டும். முழுத் தொகுதியில் 360 இணைகள். உட்புறத்தில் தங்கமும் வண்ணமும் தீட்டி, கெஞ்சி என்ற பழங்கதையின் காட்சிகளை வரைவார்கள். ஒன்றுக்கொன்றே பொருந்தும் என்பதால், பிற்காலத்தில் மணப்பெண்ணின் சீரோடு இதையும் அனுப்பினார்கள்.

அடுத்தது சுகோரோகு. இரண்டு பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். சீனாவின் வழியாக ஜப்பானை அடைந்தது. சூதாட்டமாக முற்றிப்போனதால் கி.பி. 689-இல் அரசி ஜித்தோ இதைத் தடை செய்தார். தடை வந்த பின்னும் ஆட்டம் நிற்கவில்லை. நாரா நகரத்தில் ஷோசோயின் என்னும் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டின் சுகோரோகுப் பலகை இன்றும் பத்திரமாக இருக்கிறது. கல்லை மேலே எறிந்து, கீழே உள்ளதை வாரிப் பிடிக்கும் சிறுமியர் ஆட்டமும் அங்கே உண்டு. இன்று கல்லுக்குப் பதிலாகப் பயறு நிரப்பிய சிறு துணிப்பைகள், பெயர் ஒதேதாமா. நம் ஐந்தாங்கல்லைப் பார்த்தது போலவே இருந்தது.

4. நம் பக்கத்து ஊர்க் கொங்கன் படை

ஊர் திரும்பிய பின் யோசித்தேன். பழைய காலத்தை நடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதா? எங்கள் தாலுகாவின் தலைமையிடமான சித்தூரில், பகவதி கோயிலில், ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் கொங்கன் படை என்னும் திருவிழா நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து படையெடுத்து வந்த கொங்கனைச் சித்தூர் மக்கள் பகவதியின் அருளால் முறியடித்ததாக ஐதீகம். படையெடுப்பை அறிவிக்கும் ஓலையை வாசிப்பார்கள். வேடமிட்டு வருவார்கள். போரை நடித்துக் காட்டுவார்கள். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கியதைச் சித்தூரார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்!

எங்கள் முன்னோர் கொங்குச் சீமையிலிருந்து வந்தவர்கள். ஆகவே அந்தப் போரில் நாங்கள் தோற்ற கட்சி. சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து பார்க்கும்போது, "நம்மாளு தோக்கறதைப் பாக்க இத்தனை கூட்டம், பாரு கண்ணு" என்று அவர் சிரிப்பார். பக்கத்தில் நின்ற மலையாளி நண்பர் அவருக்குப் பொரி வாங்கிக் கொடுப்பார்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1895 முதல், அக்டோபர் 22-ஆம் தேதி, ஒவ்வொரு காலத்து உடையையும் அணிந்து ஊர்வலம் வருகிறார்கள். இவையெல்லாம் மிக நல்ல விழாக்கள். ஆனால் விழா வேறு, பாடம் வேறு. விழாவில் நாம் பார்க்கிறோம், பாடத்தில் செய்கிறோம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாள் பார்ப்பதற்கு ஏதாவது கிடைத்துவிடுகிறது. செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

5. நம் முதல் பாடம்: உடை

இனி நாம் செய்யவேண்டியதைப் பார்ப்போம். கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்த பம்பாய்ப் பிள்ளைகள், பெங்களூர்ப் பிள்ளைகள், என் பேத்தி ஆகியோர் அதில் இருந்தார்கள். முதல் நாள் நான் முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினேன். இரண்டாம் நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். அதன் பிறகே பிட்ஸ்பர்க் அம்மையாரின் வழிக்கு வந்தேன்.

முழத்திலிருந்து தொடங்குங்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். பெரியவருக்கு ஏறக்குறைய 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர். ஒவ்வொரு பிள்ளையும் தன் முழத்தை அளந்து எழுதட்டும். பிறகு ஒரு வேட்டியைக் கொடுத்து, இது நாலு முழமா, எட்டு முழமா என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நாலு முழம் சுமார் 1.8 மீட்டர், எட்டு முழம் சுமார் 3.7 மீட்டர். தம் சிறுகையால் அளக்கும் பிள்ளைக்கு ஆறும் பதினொன்றும் வரும். ஏன் என்று அவர்களே சண்டையிட்டு முடிவுக்கு வரட்டும். பெண்களின் ஒன்பது கஜச் சேலையையும் விரித்துக் காட்டுங்கள். 8.2 மீட்டர் நீளத்தைத் திண்ணையில் விரித்தபோது, அது வாசற்படியைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

அடுத்து உடுத்துதல். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி வேண்டாம். இடைவாரும் வேண்டாம். துணியும் கையும் மட்டும். முனைகளைச் சமமாகப் பிடிப்பது, வயிற்றை உள்ளிழுத்து இறுக்குவது, மடித்துச் செருகுவது ஆகிய மூன்றே வேலைதான். பத்து முறை அவிழும்; பதினோராம் முறை நிற்கும். பெண் பிள்ளைகளுக்குப் பின்கொசுவம் வைத்துக் கட்டக் கற்றுக்கொடுக்கலாம். கொங்கு நாட்டுக் கிழவிகள் வயலில் குனிந்து வேலை செய்ய ஏற்றதாகக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள். கட்டிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள். ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று உடம்பே சொல்லிவிடும். இன்று எங்கும் காணும், முன்கொசுவம் வைத்து, உள்பாவாடையும் ரவிக்கையுமாக உடுத்தும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரவியது. இதையும் சொல்லுங்கள்.

பிட்ஸ்பர்க்கில் ஜப்பானியச் சுருளை அளந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அவர்கள் நேராக வெட்டித் தைத்தார்கள். நாம் வெட்டவே இல்லை. தறியிலிருந்து இறங்கியதை அப்படியே சுற்றிக்கொண்டோம். துணியை வீணாக்கக்கூடாது என்ற ஒரே எண்ணத்திற்கு இரண்டு நாட்டு விடைகள்.

ஒரு விழாவில் இராசராச சோழனாக வேடமிட்ட சிறுவன், நீல வெல்வெட் அங்கியும் கணுக்கால் வரை கால்சட்டையும் அணிந்து வியர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பழைய திரைப்படத்து உடை அது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அதன் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-இல் கண்டறியப்பட்டன. அவற்றையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பாருங்கள். இடுப்பில் சுற்றிய துணியும், உடம்பில் அணிகளும், அழகாக முடிந்த கூந்தலும்தான் பெரும்பாலும் தெரியும். அடுத்த முறை உங்கள் பிள்ளை சோழனாக நின்றால், நல்ல வேட்டி ஒன்றை ஒழுங்காகக் கட்டி விடுங்கள். செலவும் குறைவு, வியர்வையும் குறைவு, உண்மையும் அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய உடை என்றால் அழகு மட்டும் அன்று. எங்களுக்குத் தெற்கே திருவிதாங்கூர் நாட்டில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அடியும் அவமானமும் பட்ட பிறகு 1859-இல்தான் அரசர் அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போலவே உடுத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "அப்படீன்னா அந்தக் காலத்துல நான் என்ன உடுத்தியிருப்பேன் தாத்தா?" என்று கேட்டாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "நீ யாருக்குப் பிறந்திருப்பாய் என்பதைப் பொறுத்தது கண்ணு." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனமும் பாடத்தின் பகுதிதான். பழையதை விரும்புகிறவர்கள் பழைய அநீதியை விரும்ப வேண்டியதில்லை. ஆனால் அதை அழித்துவிட்டுப் பழமையை மட்டும் காட்டினால் அது வேடம் ஆகிவிடும்.

6. நம் இரண்டாம் பாடம்: ஆட்டம்

(அ) ஆடு புலி ஆட்டம். சாக்கட்டி போதும். உச்சியில் ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கீழே அடிக்கோடு வரை, விரிந்து செல்லும் நான்கு கோடுகள் போடுங்கள். நடுவில் மூன்று படுக்கைக் கோடுகளை இருபுறமும் வெளியே நீளுமாறு வரைந்து, அவற்றின் முனைகளை இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் இணையுங்கள். இப்போது சந்திப்புகளை எண்ணுங்கள். உச்சி 1, மூன்று படுக்கைக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23. கணக்கு வரவில்லை என்றால் படம் தவறு.

புலி மூன்று, ஆடு பதினைந்து. உச்சியிலும் அதையடுத்த இரண்டு நடுப்புள்ளிகளிலும் புலிகளை வைப்பது ஒரு வழக்கம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக வைப்பார். பதினைந்தும் இறங்கும் வரை ஆடு நகராது. புலி அடுத்த புள்ளிக்கு நகரலாம். அல்லது ஓர் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் காலியாக உள்ள புள்ளியில் குதித்து அந்த ஆட்டை வெட்டலாம். மூன்று புலிகளையும் நகரமுடியாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் ஐந்து என்று வைத்துக்கொண்டோம். பலமுள்ளவன் மூவர், ஒற்றுமையுள்ளவர் பதினைவர் என்பதைப் பிள்ளைகளே ஆடிக் கண்டுகொள்கிறார்கள்.

(ஆ) தாயம். நீண்ட தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, வெறுமை. ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளிடம் கணக்குக் கேளுங்கள். மொத்தம் விழக்கூடிய வகை 16. அதில் தாயம் 2 வகை, அதாவது எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டும் ஆறும் பதினாறில் ஒரு பங்குதான். மூன்று மட்டும் நான்கில் ஒரு பங்கு. பாட்டிமார் "தாயம் விழாமல் உட்கார்ந்தே கிடந்தேன்" என்று சொன்னது பொய்யில்லை. கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த தாயக்கட்டையும், சுட்டமண் ஆட்டக்காய்களும், வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. நம்மவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருட்டியவர்கள். ஆனால் அவர்கள் எந்த விதிப்படி ஆடினார்கள் என்பது மண்ணில் கிடைக்கவில்லை. கட்டை கிடைக்கும், விதி கிடைக்காது.

(இ) பல்லாங்குழி. இதில்தான் நான் வாய் அடைத்துப் போனவன். என் அக்கா எண்பதை எட்டியவர். சில ஆண்டுகளாக மறதி நோய். பேரப்பிள்ளைகளின் பெயர் தெரியாது. காலையில் சாப்பிட்டது தெரியாது. ஊர் வந்த மறுநாள் அவர் முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, "அக்கா, தோத்தவங்க ரெண்டாவது ஆட்டத்தை எப்படித் தொடங்கணும்?" என்று கேட்டேன். "எனக்கென்ன தம்பி தெரியும்" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே பதில்.

நான்காம் நாள் பேத்தி பரணிலிருந்து பழைய மரப்பலகையை எடுத்துத் துடைத்து, அக்காவின் மடி முன்னால் வைத்து, ஒரு கிண்ணம் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஐந்து ஐந்தாகக் குழியில் போடத் தொடங்கினார். எண்ணவில்லை, விரல் ஐந்தைத் தானாகவே எடுத்தது. பிள்ளையோடு ஒரு சுற்று முழுவதும் ஆடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். எழுதியது இது:

பதினான்கு குழிக்கும் ஐந்து வீதம் 70 காய். தன் பக்கத்து ஏழு குழி தனக்கு. தன் குழி ஒன்றை வழித்து, வலக்கைப் பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகவேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை வழித்துத் தொடரவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை விடவேண்டும். இரண்டு குழி தொடர்ந்து காலி என்றால் ஒன்றும் கிடையாது. போடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. எந்தப் பக்கத்துக் குழியோ அந்தப் பக்கத்தார் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் பக்கத்தில் எடுத்து ஆடக் காய் இல்லாதபோது சுற்று முடிகிறது. மிச்சம் உள்ளவை அவை கிடக்கும் பக்கத்தாருக்கு.

சுற்று முடிந்தது. அக்காவிடம் 32, பேத்தியிடம் 38. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தன் பக்கத்துக் குழிகளை ஐந்து ஐந்தாக நிரப்பினார். ஆறு குழி நிரம்பியது. கையில் இரண்டு மிச்சம். அந்த இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டார். நிரம்பாத ஏழாவது குழியில், விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து வைத்தார். அந்தக் குழியில் இந்தச் சுற்றில் யாரும் போடக்கூடாது, தாண்டிப் போகவேண்டும். வென்றவர் இப்படியே மேலும் மேலும் ஜெயித்தால் தோற்றவரின் குழி ஒவ்வொன்றாக மூடும். ஒன்றும் நிரப்ப முடியாதபோது ஆட்டம் முடிகிறது.

வாயால் சொல்லத் தெரியாதது கையில் இருந்தது. நான் மூன்று நாள் வாயிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ வைத்துக்கொள்ளுங்கள். குன்றிமணி அழகாக இருக்கும் என்று சிறு பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

7. கற்பிப்பவர் நினைவில் வைக்கவேண்டியவை

முதலாவது, பொருளைக் கையில் கொடுத்த பிறகே வரலாற்றைச் சொல்லுங்கள். இரண்டாவது, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்றால், பிள்ளை ஒரு நாள் சரிபார்க்கும். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பாது. மூன்றாவது, 'எங்கள் ஊர் விதியே சரி' என்று சண்டை வேண்டாம். எங்கள் எல்லையில் ஒரே தெருவில் தமிழ் வீட்டு விதி ஒன்று, மலையாள வீட்டு விதி ஒன்று. இரண்டையும் எழுதி, எது யாருடையது என்று குறித்து வையுங்கள்.

மீனாட்சிபுரம் வழியாகச் செல்லும் எங்கள் ரயில் பாதை மீட்டர் கேஜாக இருந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாறி, 2015-இல் மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. பழைய பாதையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் பாலத்துக்கும் வரைபடம் உண்டு. நாளை ஒருவர் நினைத்தால் படித்து அறியலாம். நம் வீட்டு ஆட்டத்துக்கும் உடைக்கும் அப்படி வரைபடம் யாரும் போட்டு வைக்கவில்லை. அவை வயதானவர்களின் விரல்களில்தான் இருக்கின்றன.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போதோ, அம்மாவோ மாமியாரோ உங்களிடம் வந்து தங்கும்போதோ, ஒரு பலகையையும் காயையும், அல்லது ஒரு பழைய சேலையையும் அவர்கள் கையில் கொடுங்கள். கேள்வி கேட்காதீர்கள். பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர், ஆடியவர் வயது, தேதி ஆகியவற்றை மறக்காமல் குறியுங்கள். இதழுக்கு அனுப்பினால், ஆசிரியர் குழு மனம் வைத்து ஒரு பக்கம் ஒதுக்கும் என்று நம்புகிறேன்.

பேத்தி பிட்ஸ்பர்க் திரும்பிய பின், அந்த அம்மையாரின் வகுப்புக்கு மறுபடியும் போய், இரண்டாவது சுற்றைக் குச்சி வைத்து விளக்கியதாகத் தொலைபேசியில் சொன்னாள். அக்காவுக்கு இப்போது என்னையும் அடையாளம் தெரிவதில்லை. மாலையில் பலகையை எடுத்து வைத்தால் மட்டும், எதிரில் இருப்பவர் யார் என்று பாராமல், ஐந்து ஐந்தாகப் போடுகிறார். நானும் எதிரில் உட்கார்ந்து ஆடுகிறேன். பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன்.